விடுபட்ட கட்டங்களைக் காணும் வழி

மன்ற மலருக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று நம் செயலாளர் பணித்தார். இலக்கியக் கட்டுரை எழுத வல்லோர் நம்மிடையே பலர் உளர். ஆகவே அத்துறையை அவர்களுக்கே விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்திலும் விடுதிக் கணக்கிலும் நாம் நாள்தோறும் புழங்குகின்ற விரிதாளைப் பற்றிச் சிறிது சொல்லத் துணிந்தேன். எக்செல் என்றால்தான் பலருக்கு விளங்கும். லிபர் ஆபீசின் கால்க், கூகுளின் ஷீட்ஸ் ஆகியவையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. விரிதாளில் எழுதியிருக்கும் எண்களைக் கூட்டவும் வகுக்கவும் நாம் விரைவில் கற்றுக்கொள்கிறோம். எழுதாமல் விடுபட்டுப்போன கட்டங்களை என்ன செய்வது என்பதை மட்டும் நமக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. அவ்வெற்றுக் கட்டங்கள் தாமாகவே நிறம் பெற்று நம் கண்ணில் படுமாறு செய்வது எப்படி, பட்டபின் நாம் எழுப்பவேண்டிய வினா யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டு இன்றி விதியை மட்டும் சொன்னால் அது மனத்தில் நில்லாது. ஆதலின் மழைக்கணக்கை எடுத்துக்கொள்வோம். கஞ்சிக்கோட்டில் இருந்துகொண்டு மழையையும் காற்றையும் மறந்திருக்க இயலுமா? கோவையிலிருந்து வரும் ரயில் வாளையாற்றைக் கடக்கும்போதே மலைகள் இருபுறமும் விலகி வழிவிடுவதைக் காண்கிறோம். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் அது. மேற்கு மலைத்தொடரில் இதைப் போன்ற இடைவெளி வேறில்லை. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கொட்டுகின்ற மழை, நாம் இருக்கும் கிழக்குப் பகுதிக்கும் சிற்றூர் வட்டத்துக்கும் வரும்போது மெலிந்துவிடுகிறது. காற்றோ மெலிவதில்லை. கேரள மின்வாரியம் இவ்வூரில் நிறுவிய ஒன்பது காற்றாலைகளும், ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறனுடையவை, அந்தக் காற்றை நம்பி எழுந்தவையே.

மழையை அளப்பதற்கு இந்திய வானிலைத் துறை ஒரு முறை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்க்கவேண்டும். முந்திய 24 மணி நேரத்தில் சேர்ந்த நீரின் அளவை அன்றைய தேதியிட்டு எழுதவேண்டும். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருந்தால் அது மழைநாள். ஆறாம் தேதி இரவு பெய்த மழை ஏழாம் தேதிக் கணக்கில்தான் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி விரிதாளுக்கு வருவோம். ‘ஏ’ என்னும் நிரலில் தேதி, ‘பி’ என்னும் நிரலில் மழையளவு, முதல் வரியில் தலைப்பு, இரண்டாம் வரியிலிருந்து கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதத்து 30 நாள்களில் 22 நாள்களுக்கு மட்டுமே எண் இருக்கிறது; அவற்றின் கூட்டுத்தொகை 330 மில்லிமீட்டர். எட்டுக் கட்டங்கள் வெறுமையாக உள்ளன. நாளொன்றுக்குச் சராசரி எவ்வளவு?

‘ஆவரேஜ்’ என்னும் சார்பு வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 330 ஐ 22 ஆல் வகுத்து 15 என்று விடை தரும். இப்போது அதே நிரலை வேறொரு தாளுக்குச் சமக்குறியிட்டு இணைத்துக் கொண்டுபோங்கள். அங்கே வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றும் சுழியமாகி நிற்கும்! விரிதாள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. வெற்றுக் கட்டத்தைச் சுட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் சுழியம் என்கிறது. ‘இது சுழியத்துக்குச் சமமா?’ என்று கேட்டாலும் ஆம் என்கிறது. எனவே புதிய தாளில் சராசரி, 330 ஐ 30 ஆல் வகுத்து 11 ஆகிவிடும். ஒரே ஏடு, ஒரே மாதம், இரு சராசரிகள்! இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், எட்டு நாளும் என்ன நடந்தது என்று தெரியும்வரை இரண்டையும் நம்பேன் என்பேன். அளந்து பார்த்து மழையில்லை என்று எழுதிய சுழியம் வேறு; அளக்கவே இல்லை என்னும் வெறுமை வேறு. காற்றாலைக் குறிப்பிலும் இப்படியே: உற்பத்தி சுழியம் என்றால் காற்றில்லை அல்லது இயந்திரம் ஓடவில்லை என்பது பொருள், வெற்றிடம் என்றால் மானியின் செய்தியே வந்து சேரவில்லை.

வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டும் கருவிதான் ‘கண்டிஷனல் பார்மாட்டிங்’. நிபந்தனை நிறமிடல் என்று நான் தமிழில் சொல்லி வருகிறேன். இதனினும் நல்ல சொல் உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். ஒரு நிபந்தனையை நாம் விதித்துவிட்டால், அந்நிபந்தனை பொருந்தும் கட்டத்துக்கெல்லாம் விரிதாள் தானே நிறம் தீட்டும். பொருந்தாதபோது தானே அழித்துவிடும். 1979 இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்னும் விரிதாளை உருவாக்கியபோது இத்தகைய வசதி கிடையாது. எக்செலில் 1997 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இது புகுந்தது.

செய்முறை இது. ‘பி’ நிரலில் இரண்டாம் கட்டத்திலிருந்து முப்பத்தோராம் கட்டம் வரை, மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுங்கள். ‘ஹோம்’ பட்டையில் ‘கண்டிஷனல் பார்மாட்டிங்’, அதனுள் ‘நியூ ரூல்’. அங்கே சூத்திரம் கொண்டு கட்டங்களைத் தெரிவு செய்க என்னும் பொருளுடைய கடைசி வகையைச் சொடுக்குங்கள். திறக்கும் பெட்டியில் சமக்குறி, ‘இஸ்பிளாங்க்’, பிறை அடைப்புக்குள் பி2 என்று எழுதுங்கள். நான் ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும். பிறகு ‘பார்மாட்’ பொத்தானை அழுத்தி ‘பில்’ என்பதில் வெளிறிய நிறம் ஒன்றைத் தெரிந்தெடுத்து முடியுங்கள். எட்டுக் கட்டங்களும் பளிச்சென்று தெரியும். ஷீட்சில் ‘பார்மாட்’ பட்டியலிலும் கால்க்கிலும் இதே வேலை சிறு மாறுதலுடன் நடைபெறும்.

சூத்திரத்தில் ஏன் பி2 என்று மட்டும் எழுதுகிறோம்? முப்பது கட்டத்துக்கும் முப்பது சூத்திரம் எழுதுவதில்லை. தேர்ந்தெடுத்த பகுதியில் நாம் நிற்கும் கட்டத்துக்கு எழுதினால் போதும். மற்றவற்றுக்கு விரிதாள் அதனை நகர்த்திக்கொள்ளும். கீழிருந்து மேலாகத் தேர்ந்தெடுத்தால் நாம் நிற்பது முப்பத்தோராம் கட்டம். அப்போது பி2 என்று எழுதினால் நிறம் எங்கெங்கோ போய் விழும். இதில் தடுமாறாத மாணவரை நான் இதுவரை கண்டதில்லை. கட்டத்துக்கு மட்டுமன்றித் தேதியோடு சேர்த்து வரி முழுமைக்கும் நிறம் வேண்டுமானால், இரு நிரலையும் தேர்ந்தெடுத்து, சூத்திரத்தில் ‘பி’ என்னும் எழுத்துக்கு முன்னால் டாலர் குறி இடுங்கள். நிரல் அசையாது, வரி மட்டும் நகரும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். சிவப்பையும் பச்சையையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஆண்களில் நூற்றுக்குச் சிலர் எப்போதும் இருப்பர். வெளிர்மஞ்சளோ வெளிர்நீலமோ போதும்.

இவ்வளவோடு பாடம் முடிந்தது என்று பல கையேடுகள் நிறுத்திவிடுகின்றன. ஆனால் உண்மையான ஏட்டில் வெறுமை பல வேடங்களில் வரும். யாரோ கட்டத்தில் இடைவெளிப் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டுப் போயிருப்பார். பார்வைக்கு வெறுமை, இஸ்பிளாங்க் அதை வெறுமை என்று ஒப்புக்கொள்ளாது. சூத்திரம் ஒன்று விடையாக ஒன்றுமில்லாத சொல்லைத் தந்திருக்கும், அதையும் ஒப்புக்கொள்ளாது. ‘கவுண்ட்பிளாங்க்’ என்னும் சார்போ பின்னதை எண்ணிவிடும், முன்னதை எண்ணாது. ஒரே நிரலை இரண்டும் இருவேறாக எண்ணுவது கண்டு திகைக்கவேண்டாம். இதற்கு மாற்று: ‘ட்ரிம்’ கொண்டு ஓரத்து இடைவெளிகளை நீக்கி, ‘லென்’ கொண்டு எஞ்சிய எழுத்துகளை எண்ணி, அவ்வெண் சுழியமா என்று கேட்பது. லென், அடைப்புக்குள் ட்ரிம், அதன் அடைப்புக்குள் பி2, பிறகு சமக்குறி, சுழியம். இரு வேடங்களும் அகப்படும்.

கோடு கிழித்து வைத்திருப்பவரும், ‘இல்லை’ என்று எழுதுபவரும், வினாக்குறி இடுபவரும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரே வலையில் பிடிக்க, ‘நாட்’ அடைப்புக்குள் ‘இஸ்நம்பர்’ அடைப்புக்குள் பி2 என்று எழுதுங்கள். எண்ணல்லாத எதுவும் நிறம் பெறும். மழைக்கணக்குக்கு நான் பெரிதும் நாடுவது இதையே. ஆனால் எண்ணின் வேடத்தில் வரும் வெறுமையை இதுவும் பிடிக்காது. வானிலைத் துறையின் கட்டமிட்ட மழைத்தரவில், மதிப்பில்லாத இடத்துக்குக் கழித்தல் 999 என்று இட்டிருப்பர். அதை அறியாமல் சராசரி எடுத்தவருக்கு வானத்திலிருந்து மழை பெய்வதற்குப் பதிலாக நிலத்திலிருந்து மேலே போகும்! சுழியத்திற்குக் குறைந்த மழை இல்லையாதலால், ‘பி2 சுழியத்திற்குக் குறைவு’ என்று இரண்டாம் நிபந்தனை ஒன்றை வேறு நிறத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. கட்டமே இல்லாத வெறுமை. பத்தாம் தேதிக்கு அடுத்த வரியில் பதின்மூன்றாம் தேதி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரு வரிகள் ஏட்டிலேயே இல்லை. நிறம் தீட்டக் கட்டம் வேண்டுமே! இல்லாத கட்டத்துக்கு எந்த நிபந்தனையும் நிறம் தராது. தாள் முழுவதும் தூய வெண்மையாய், குறையொன்றும் இல்லாததுபோல் காட்சியளிக்கும்.

இத்தகைய வெறுமை ஒரு நாட்டையே ஏமாற்றியிருக்கிறது. 2020 ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில், இங்கிலாந்தின் பொதுநலத் துறை ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த முடிவுகளை எக்செலின் பழைய கோப்பு வகையில் ஏற்றிவந்தது. அவ்வகைத் தாளில் 65,536 வரிகளே அடங்கும். நோயாளி ஒருவருக்குப் பல வரிகள் தேவைப்பட்டன. தாள் நிரம்பியதும் எஞ்சியோர் சத்தமின்றி வெளியே தள்ளப்பட்டனர். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் ஏறவில்லை. எண்ணிக்கை பிழைத்ததோடு போயிற்றா? அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அந்நாள்களில் தடைப்பட்டது. வெற்றுக் கட்டம் ஒன்றேனும் இருந்திருந்தால் யாராவது கண்டிருப்பர்.

வழி என்ன? இருக்கவேண்டியவற்றின் பட்டியலை ஏட்டிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து கொண்டுவரவேண்டும். தேதியாயின் எளிது. ‘டி’ நிரலில் ஜூன் முதல் நாளை எழுதி, கட்டத்தின் மூலையைப் பிடித்து முப்பது வரை இழுங்கள். அந்நிரலைத் தேர்ந்தெடுத்து, ‘கவுண்டிப்’ என்னும் சார்பைக் கொண்டு, ‘ஏ’ நிரலில் இத்தேதி எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, சுழியமாயின் நிறம் தீட்டு என நிபந்தனை இடுங்கள். ‘ஏ’ நிரலின் எல்லைகளுக்கு டாலர் குறி இருபுறமும் இடவேண்டும். இன்றேல் எல்லையும் நகர்ந்துவிடும். விடுதியில் உணவுக் கணக்கு எழுதும் நண்பர்களுக்கும் இது உதவும். பணம் கட்டியோர் பட்டியலில் வெற்றுக் கட்டம் தேடிப் பயனில்லை. விடுதிவாசிகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலிருப்போர் இதில் உண்டா என்று தேடவேண்டும்.

சரி, நிறம் வந்துவிட்டது. அடுத்து என்ன? எக்செலில் வெற்றுக் கட்டங்களை எல்லாம் ஒரே முறையில் தேர்ந்து, சுழியத்தைத் தட்டி, ஒரே பொத்தானில் நிரப்பிவிடும் வித்தை ஒன்று உண்டு. அதைக் கற்றவர் அதைச் செய்யாமல் இருக்கமாட்டார். தயவுசெய்து செய்யாதீர்கள். நிறம் விழுந்த விதத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஏனெனில் வெறுமைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணம் பெரும்பாலும் நிறத்தின் ஒழுங்கிலேயே தெரியும்.

1976 இல் டொனால்டு ரூபின் என்னும் புள்ளியியல் அறிஞர் இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வழியில் வந்த பகுப்பை நம் மழைமொழியிலேயே சொல்கிறேன். ஏட்டின்மேல் தேநீர் கொட்டி நான்கு எண்கள் அழிந்தன என்றால், அது தற்செயல். அதற்கும் மழைக்கும் தொடர்பில்லை. எஞ்சிய நாள்களின் சராசரி ஓரளவு நம்பத்தக்கது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அளப்பவர் வரவில்லை என்றால், வெறுமை கிழமையைப் பொறுத்தது. கிழமை நமக்குத் தெரியுமாதலால் சரிக்கட்டிக்கொள்ளலாம். நிறம் ஏழு வரிக்கு ஒருமுறை வந்தால் இதை உடனே ஐயுறுங்கள். மூன்றாவது வகைதான் அஞ்சத்தக்கது. மழை மிகுந்ததனாலேயே கணக்கு விடுபட்டது என்றால், விடுபட்ட எண்ணே விடுபட்டமைக்குக் காரணம். அப்போது எஞ்சிய நாள்களை எவ்வளவு நுணுக்கமாகக் கூட்டினாலும் உண்மை வெளிவராது.

இது புத்தகத்துப் பேச்சன்று. 2020 ஆகஸ்டு 6 ஆம் தேதி இரவு, இடுக்கி மாவட்டத்து மூணாறுக்கு அப்பால், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மாண்டோரில் மிகப் பலர் தலைமுறை தலைமுறையாக அம்மலையில் உழைத்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் மக்களும் ஆவர். பெருமழையில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், மலை சரிந்த செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. அவ்விரவு முழுதும் பெட்டிமுடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெளியே இருந்தோர் கையிலிருந்த தாளில் அது வெற்றுக் கட்டம். ‘செய்தி இல்லை’ என்பதை ‘தீங்கு இல்லை’ என்று படித்தால் என்ன ஆகும்? மழை மிக மிக மின்சாரம் அறுபடும், கம்பி அறுபடும், பாதை அறுபடும், அளப்பவர் வீட்டைவிட்டு நகர இயலார். வெறுமை விழுவதற்கு மிகப் பொருத்தமான நாள் பேய்மழை நாள்தான். அக்கட்டத்தில் சுழியம் நிரப்புவது, மிகக் கொடிய நாளை மழையற்ற நாளாக்குவதாகும். அந்தத் தாளைக் கொண்டுதான் பின்னால் ஒருவர், எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் லயத்தை விட்டு மக்களை வெளியேற்றவேண்டும் என்று கணக்கிட உட்காருவார்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் தோட்டத்தில் பிளாஸ்டிக் மழைமானி ஒன்றை நட்டு, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தமிழில் மழைக்கணக்கு எழுதி வருகிறார். அந்நோட்டை வாங்கிவந்து விரிதாளில் ஏற்றி, மேற்சொன்ன முறையில் நிறம் தீட்டினேன். பிறகு அச்சிட்ட தாளோடு அவரிடமே போய் உட்கார்ந்தேன். நிறம் கண்ட இடமெல்லாம் அவருக்கு நினைவிருந்தது வியப்பே. பெரும்பாலானவை அவர் சந்தைக்கு விடியலிலேயே புறப்பட்டுப் போகும் கிழமைகள். மறுநாள் பார்த்து எழுதியிருக்கிறார்; ஆகவே மறுநாள் எண்ணில் இருநாள் மழை அடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் வெறுமைக்கு அடுத்து 84 மில்லிமீட்டர் நின்றது. வானிலைத் துறையின் வகைப்படி 64.5 முதல் 115.5 வரை கனமழை. இருநாளில் பெய்தது என்று அறிந்தபின் அதைக் கனமழை நாள் என்று துணிய முடியுமா? வெற்றுக் கட்டத்தை மட்டுமன்று, அடுத்த கட்டத்தையும் சேர்த்தே ஐயுறவேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். மேற்கட்டம் வெறுமையாயின் கீழ்க்கட்டத்துக்கும் நிறம் வருமாறு, பி3 ஐத் தேர்ந்து பி2 ஐக் கேட்கும் நிபந்தனை ஒன்றை அன்றிரவே சேர்த்துக்கொண்டேன்.

2018 ஆகஸ்டில் ஒரு வெறுமை இருந்தது. கேரளம் வெள்ளத்தில் மிதந்த மாதம். அது சந்தைக் கிழமையும் அன்று.

“ஐயா, இந்த நாள் நீங்கள் வீட்டில் இல்லையா?” என்று கேட்டேன்.

“வீட்டிலேதான் இருந்தேன் தம்பி. எட்டரைக்குப் போய்ப் பார்த்தேன். மானி நிரம்பி வழிஞ்சு நிக்குது. அதுலே நூறு வரைக்கும்தான் கோடு. நூறுன்னு எழுதினா பொய்யாப் போயிருமே, எழுதாமெ விட்டுட்டேன்.”

எழுதாமல் விட்டதற்கு அவரிடம் காரணம் இருந்தது. அதைக் குறிக்க நோட்டில் இடம்தான் இல்லை. நிறமோ கட்டத்தில் எண் விழுந்தவுடன் மறைந்துவிடும். ஆகவே ‘சி’ என்று ஒரு நிரல் சேர்த்தேன், தலைப்பு ‘காரணம்’. ‘பி’ யில் எண் இல்லாமல் ‘சி’ யிலும் சொல் இல்லாத வரிக்கு மட்டும் மஞ்சள்; காரணம் எழுதிய வரிக்கு நீலம். ‘ஆண்டு’ என்னும் சார்பு இரண்டையும் இணைத்துக் கேட்கும். அவர் தாளை வாங்கிப் பார்த்து, நீலமாய் நின்ற அந்த 2018 ஆம் ஆண்டு வரிக்கு நேரே, “நிரம்பி வழிந்தது, நூற்றுக்கு மேல்” என்று தம் கையாலேயே எழுதித் தந்தார். அதை அப்படியே விரிதாளில் ஏற்றியிருக்கிறேன். சந்தைக் கிழமைகளில் அவருடைய பேத்தி எட்டரைக்குப் பார்த்து எழுதுவதாக இப்போது ஏற்பாடு.